ஆறாம் தளத்துப் பகை

“முனியராஜ் பாதாளத்துல விழுந்து கெடந்தாலும் சரி, அவனுக்காக என் கை ஒரு தீக்குச்சி உரசாது. இது சத்தியம்.”

சாத்தூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், கையில் பாதி வடையுடன் வெள்ளைத்துரை இப்படி அறிவித்தபோது அவருக்கு இருபது வயது கடந்திருந்தது. கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் டீ மாஸ்டர். இன்னொருவர் கோவில்பட்டி பஸ்ஸைத் தவறவிட்டவர். அவருக்குத் தன் பஸ்ஸைப் பற்றிய கவலையே பெரிதாக இருந்தது. ஆனால் தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடுகிற சீமையில், ஒருவனுக்காகத் தீக்குச்சி உரச மாட்டேன் என்று சொல்வது சாதாரணமில்லை. அவன் செத்தால்கூட வரமாட்டேன் என்று அர்த்தம்.

இந்தச் சபதத்தை வெள்ளைத்துரை இருபது வருஷத்துக்கு மேல் காப்பாற்றினார். எடுத்த சபதத்தைப் பொங்கல் வரைகூடக் காப்பாற்றாதவர்கள் மலிந்துபோன காலத்தில், அவரைப் பற்றி எழுத இது ஒன்றே போதும்.

இன்று அவர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். வெள்ளைத்துரைக்கு அது வேதம். ஐந்தாவதாக ஒருவர் தண்ணீர் கேட்டு உள்ளே தலையை நீட்டினால், முதலில் உள்ளேயிருந்து ஒருவர் வெளியேற வேண்டும், பிறகுதான் தண்ணீர். அறைக்கு எதிரெதிரே இரண்டு கதவு வேண்டும், இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். வீட்டில் மனைவி மாரிசெல்வி கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது அவர் வாசலில் போய் நின்றுகொள்வார். கார்த்திகைக்கு வீடெல்லாம் விளக்கு வைக்கிற வேளையில் மணல் வாளியும் கையுமாக மாரிசெல்விக்குப் பின்னாலேயே நடப்பார். ஊரில் மற்ற வீடுகளில் சாமி வருகிற நேரம் அது. அவர்கள் வீட்டில் வாளி வரும்.

இப்படிப்பட்டவர் ஒருவனை இவ்வளவு காலம் வெறுத்தாரென்றால் அதற்குக் காரணம் பெரிதாக இருக்க வேண்டும். பெரிதுதான். முனியராஜ் இவரைச் சாகவிட்டுவிட்டு ஓடினார்.

சாத்தூரில் அப்போது ராம்குமார் என்பவர் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அதன் மூலையில் இன்டர்நெட் இணைப்பில்லாத ஒரு கம்ப்யூட்டர். அதில் ஒரு விளையாட்டு. ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாததால் பையன்கள் அதைப் பாதாளக் கோட்டை என்றார்கள். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள். கோடுகளைச் சுவர் என்று நம்ப வேண்டும். ஆறு வீரர்களை உருவாக்கி, பெயர் வைத்து, தளம் தளமாகக் கீழே இறங்கி, பத்தாவது தளத்தில் இருக்கும் மந்திரவாதியை முடிக்க வேண்டும். இதில் ஒரு கொடூரம் உண்டு. செத்த வீரனின் உடல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். யாராவது போய்ச் சுமந்துகொண்டு மேலே வந்து, ஊர்க் கோயிலில் கொடுத்தால்தான் உயிர் வரும். யாரும் போகாவிட்டால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

வெள்ளைத்துரையும் முனியராஜும் கைக்காசைச் சேர்த்து விளையாடினார்கள். வெள்ளைத்துரை என்று ஒரு வாள்வீரன், முனியராஜ் என்று ஒரு மந்திரவாதி. மீதி நாலு பேருக்கும் தங்கள் கம்பெனி மேலாளர்களின் பெயர்களை வைத்தார்கள். எப்படியும் யாராவது சாகத்தான் வேண்டும், அது தெரிந்தவர்களாக இருந்தால் மனசுக்கு ஆறுதல் என்பது முனியராஜின் யோசனை. வழி மறந்துவிடாமலிருக்க, அச்சுப் பிசகி ஒதுக்கிய பட்டாசு லேபிள்களின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டார்கள். ஐந்தாம் தளத்தைத் திருப்பிப் பார்த்தால் பச்சை நிறத்தில் ஒரு மயில் இருக்கும்.

வெள்ளைத்துரை அப்போதே பட்டாசு அறையில் மருந்து அடைக்கிற வேலையில் இருந்தார். ஆகையால் பாதாளத்துக்கும் அதே விதிகளைக் கொண்டுவந்தார். ஆறு பேர் போகலாம் என்று விளையாட்டு சொன்னது. இவர் நாலு பேர்தான் என்றார். இரண்டு மேலாளர்கள் எப்போதும் சத்திரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், சம்பளத்தோடு. மந்திரவாதிக்குத் தெரிந்த மந்திரங்களில் பாதிக்கு மேல் தீ மந்திரம். அத்தனைக்கும் தடை. இருட்டில் தரையைப் பார்க்கத் தீப்பந்தம் கொளுத்த வேண்டும். மூடிய அறைக்குள் எவனாவது பந்தம் கொளுத்துவானா என்று கேட்டு, முதல் நாளே எல்லாப் பந்தங்களையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். முனியராஜிடம், உள்ளே எதுவும் கொளுத்த மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கினார். அந்த விளையாட்டு வெளிவந்த நாளிலிருந்து உலகத்தில் எத்தனையோ பேர் அதை ஆடியிருக்கலாம். பாதுகாப்பு விதிகளோடு ஆடியது இந்த ஒரு குழு மட்டும்தான் இருக்கும்.

ஒருநாள் தீபாவளி ஆர்டர் அவசரத்தில் வெள்ளைத்துரையால் வர முடியவில்லை. முனியராஜ் தனியாக ஆடினார். ஆறாம் தளத்தில் எருமைத்தலை அரக்கன் ஒருவன் வாள்வீரன் வெள்ளைத்துரையை அடித்துக் கொன்றான். முனியராஜ் வாளையும் கவசத்தையும் உருவிக்கொண்டு, உடலை விட்டுவிட்டு மேலே ஓடிவந்தார். போதாததற்கு, அடுத்த நாள் அந்த வாள் புதிதாகச் சேர்ந்த ஒரு வீரனின் இடுப்பில் தொங்கியது. அவன் பெயர் ராம்குமார். கடைக்காரர் பெயர்.

பார்த்த மாத்திரத்தில் வெள்ளைத்துரை டீக்கடைக்கு நடந்தார். வடை வாங்கினார். சபதம் செய்தார்.

விதி அதோடு விடவில்லை. அடுத்த தையிலேயே வெள்ளைத்துரையின் தங்கை பாண்டிமீனாவை முனியராஜுக்குப் பேசி முடித்தார்கள். வெள்ளைத்துரை ஆட்சேபித்தார். காரணம் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் தன்னைப் பாதாளத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டான் என்று சொன்னார். பெரியவர்கள் வெற்றிலையை மென்று முடித்தார்கள். பிறகு பந்தல்காரனைக் கூப்பிட்டார்கள்.

அன்று தொடங்கியது பழிவாங்கல். அது உரக்கப் பேசாத, கண்ணியமான பழிவாங்கல். அண்ணனுக்கு உரிய சீர் அத்தனையும் செய்தார். கொடுக்கும்போது முகத்தை மட்டும் கிழக்கே திருப்பிக்கொண்டார். தங்கை மகள் அனுப்பிரியாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக மடியில் உட்காரவைத்துக்கொண்டார். போட்டோவில் அவர் மட்டும் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பார். முனியராஜ் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்து நாலு காசு பார்த்தபோது, கம்பெனி லோடை வேறு ஆபீசுக்குத் திருப்பிவிட்டார். அந்த வீட்டில் ஒருநாளும் கை நனைத்ததில்லை. மாப்பிள்ளை என்றோ முனியராஜ் என்றோ சொல்ல மாட்டார். “ஆறாம் தளம் வந்திருக்கா?” என்று மாரிசெல்வியிடம் கேட்பார். வந்திருந்தால் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். முனியராஜ் இரண்டு மூன்று தடவை பேச வாயெடுத்துப் பார்த்தார். பின்வாசலோடு பேசுவது கஷ்டம் என்று விட்டுவிட்டார்.

இந்தத் தீபாவளி முடிந்து கம்பெனிகள் வழக்கம்போலக் கதவடைத்தன. வேலை இல்லாத போர்மேன் ஆபத்தானவர். பிரஸ் ஒன்றில் கழித்துக்கட்டிய லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் மேய்ந்தவர் கண்ணில், பழைய பாதாள விளையாட்டுகளை மறுபடி ஆடுகிறவர்களின் பேச்சு பட்டது. எங்கெங்கோ இருக்கிற தலைநரைத்தவர்கள் அந்தக் கோடுகளைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார்கள். இப்போதைய விளையாட்டுகளில் அம்புக்குறி கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது, செத்தால் உடனே எழுப்பிவிடுகிறது, எதற்கும் விலை இல்லை என்று ஒருவர் வருந்தியிருந்தார். பழைய விளையாட்டு எதையும் மன்னிக்காது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அந்த வரியை வெள்ளைத்துரை இரண்டு தடவை படித்தார். தன்னைப் போலவே ஒருவன் கம்ப்யூட்டருக்குள் இத்தனை காலம் இருந்திருக்கிறான்.

நேரே சாத்தூருக்கு பஸ் ஏறினார். ராம்குமார் இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எதையும் தூக்கிப் போடாத ஜாதி. பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கைப் பரணிலிருந்து எடுத்து, தூசி தட்டி, அந்தப் பாதாளத்தை அப்படியே பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்.

வீட்டில் திறந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது. வெள்ளைத்துரை: இறந்தவர், ஆறாம் தளம். முனியராஜ்: உயிரோடு, சத்திரத்தில்.

மாரிசெல்வி தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

“நாலு கோடுதான தெரியுது. இதுக்காகவா எங்க நாத்தனா வீட்டுல இம்புட்டு வருசம் பச்சத்தண்ணி குடிக்காம வந்தீக?”

வெள்ளைத்துரை லேப்டாப்பை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். இப்போது முனியராஜ் அவர் கையில் இருந்தார்.

திட்டம் எளிமையானது. போர்மேன் என்ற பெயரில் புதிய வாள்வீரன் ஒருவனைச் செய்து பழக்கினார். சத்திரத்திலிருந்த மேலாளர்களில் இரண்டு பேரை எழுப்பினார். நாலாவது ஆள் முனியராஜ். மந்திரவாதியைப் பின்வரிசையில் நிறுத்துவதுதான் முறை. இவர் முன்வரிசையில் நிறுத்தினார், கவசம் கழற்றி. பந்தம் இல்லாமல் இறங்கினார்கள். இறங்குகிற வழியில் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. எல்லா அறைக்கும் ஒற்றைக் கதவு, அதுவும் உள்பக்கம் திறக்கிறது, இதற்கு லைசென்ஸ் கொடுத்தது யார் என்று திரையைப் பார்த்து விசாரித்தார். சின்ன வயதில் குலை நடுங்கவைத்த எருமைத்தலை அரக்கன் இப்போது தீப்பெட்டி லேபிள் படம் அளவுக்கே இருந்தான். ஆனால் கடமையில் குறை வைக்கவில்லை. ஒரே அடியில் முனியராஜ் விழுந்தார். மற்ற மூவரும் அரக்கனை முடித்தார்கள்.

உடலைச் சுமக்கவா, இங்கேயே விடவா என்று விளையாட்டு கேட்டது. வெள்ளைத்துரை உடனே அழுத்தவில்லை. எழுந்து போய் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து, விட்டுவிடு என்பதை அழுத்தினார். தன் உடல் கிடந்த அதே இடத்தில் போட வேண்டும் என்பதுதான் ஆசை. வரைபட லேபிள்கள் எப்போதோ மழைக்கு ஊறிப்போயிருந்தன, இருட்டில் தரை தெரியவில்லை. ஏறக்குறைய அங்கேதான் என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் யாருக்கும் தெரியாத பழிவாங்கல் மருந்து அடைக்காத வெடி மாதிரி. சிவகாசி பிரஸ்ஸில் தெரிந்த பையனிடம் சொல்லி ஓர் அஞ்சலிப் போஸ்டர் டிசைன் செய்யச் சொன்னார். முனியராஜின் கல்யாண போட்டோ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே, ‘பாதாளக் கோட்டை ஆறாம் தளத்தில் அகால மரணமடைந்த மந்திரவாதி’ என்று எழுதச் சொன்னார். பையன் அழகுக்காக அந்த வரியை மட்டும் மிகப் பொடியாக வைத்தான். போஸ்டர் காலையில் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

பொடி எழுத்தை யாரும் படிக்கவில்லை. அஞ்சலிப் போஸ்டரில் போட்டோவைப் பார்த்தால் போதும், மீதியை மனசு படித்துக்கொள்ளும். ஒருவர் கைகூப்பு படம் போட்டார், பின்னாலேயே முப்பது கைகூப்பு வந்தது. ஆனைக்குட்டத்துப் பெரியப்பா பஞ்சம்மாள் பெரியம்மாவோடு ஒரு லோடு ஆட்டோ பிடித்து, ஆளுயர மாலையோடு கிளம்பிவிட்டார். அந்த மாலை முனியராஜ் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது அவரே போய் ஒரு கை பிடித்து இறக்கினார். யாருக்கு என்று கேட்டார். பெரியப்பா அவரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், கோயிலுக்குப் போகிற வழியில் வந்தோம் என்று சொல்லிவிட்டார். பஞ்சம்மாள் பெரியம்மாவுக்கு அந்தச் சமயோசிதம் இல்லை. வண்டியில் ஆரம்பித்த ஒப்பாரியை அவரால் பாதியில் நிறுத்த முடியவில்லை.

இதைக் கேட்டு வெள்ளைத்துரை மனநிறைவோடு சாப்பிட உட்கார்ந்த வேளையில் பாண்டிமீனா வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அவள் சத்தம் போடவும் இல்லை.

“அண்ணே, மார்க்கெட்டுல கத்திரிக்கா பொறுக்கிட்டு நின்னேன். யாரோ ஒரு அக்கா என் கையப் புடிச்சு அழுதா. எதுக்குன்னு கேட்டேன், போன எடுத்துக் காட்டுனா. பைய அங்கனயே போட்டுட்டு ஓடியாந்தேன். செருப்பு எங்க போச்சுன்னு தெரியல. அவரு வாசல்ல உக்காந்து நகம் வெட்டிக்கிட்டு இருந்தாரு.”

வெள்ளைத்துரை சோற்றைப் பார்த்தார்.

“எந்தக் குழியில போட்டுட்டு வந்தீகளோ, அங்கனருந்து அவரத் தூக்கிட்டு வாங்க. தையில அனுவுக்குச் சடங்கு வச்சிருக்கேன். அவரு மேல வராம நீக தாய்மாமனா வந்து நிக்க வேணாம். ப்ளெக்ஸுல ஒங்க போட்டாவும் வேணாம்.”

தாய்மாமன் இல்லாத சடங்கு வீட்டைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ப்ளெக்ஸ் போர்டில் தாய்மாமன் போட்டோ இல்லையென்றால், கறி வேகிறதற்கு முன் ஊர் முழுக்கக் காரணம் வெந்துவிடும். அனுப்பிரியாவை முதன்முதலில் மடியில் வைத்தவர் அவர். சடங்குப் பெண்ணுக்குக் குச்சுக் குடிசை கட்ட ஓலை வெட்டுவதற்குக்கூட மரம் பார்த்து வைத்திருந்தார்.

ஆனாலும் சபதம் சபதம்தான். முடியாது என்று சொல்லிவிட்டார். பாண்டிமீனா போய்விட்டாள், வந்தபடியே வெறுங்காலோடு.

மறுநாள் காலை ஒரு போன் வந்தது. புது நம்பர். லோடு விஷயமாக இருக்கும் என்று எடுத்துவிட்டார்.

“மச்சான், நாந்தான். வச்சுராதீக.”

வைக்கவில்லை. வைப்பதற்கு விரல் தயாராக இருந்தது.

முனியராஜ் போஸ்டரைப் பற்றிப் பேசவில்லை. மாலையை வீட்டுச் சாமி படத்துக்குப் போட்டாயிற்று, நல்ல மாலை என்றார். பிறகு பின்னாலிருந்த லாரி சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

“அன்னைக்கு பயந்து ஓடியாந்துட்டேன், அது நெசம். ஆனா மறுநா ஒங்களத் தேடி எறங்குனேன் மச்சான். மூணு வாட்டி எறங்குனேன். காசு தீந்து போச்சு. வாளக் குடுத்தா சாயங்காலம் வரைக்கும் உக்காந்துக்கன்னாரு ராம்குமாரு, அதான் குடுத்தேன். ஆறாம் தளம் பூரா நடந்தேன். இருட்டு. காலுக்குக் கீழ நீக கெடந்தாலும் தெரியாது.”

“பந்தம் வாங்கிக் கொளுத்த வேண்டியதான?” என்றார் வெள்ளைத்துரை. இத்தனை வருஷத்தில் முனியராஜிடம் அவர் பேசிய முதல் வாக்கியம் இது.

“கொளுத்த மாட்டேன்னு கையிலடிச்சு சத்தியம் வாங்குனீகளே.”

வெள்ளைத்துரை போனை வைத்தார். மாரிசெல்வி யார் என்று கேட்டார். ராங் நம்பர் என்றார். பிறகு லேப்டாப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு வர நான் என்ன கேணையனா என்று பொதுவாக வீட்டைப் பார்த்துக் கேட்டார். அதைக் காதில் வாங்க வீட்டில் ஆள் இல்லை; மாரிசெல்வி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தார்.

பாதாளத்து ஊரின் கடைக்காரன் பழைய இளிப்போடு நின்றுகொண்டிருந்தான். போர்மேன் அவனிடம் ஒரு பொருள் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். போர்மேன், இரண்டு மேலாளர்கள், மூன்று பேராக இறங்கினார்கள். ஓர் அறைக்கு நாலு பேர் என்ற கணக்கில் திரும்பி வரும்போது ஒருவருக்கு இடம் இருக்கும்.

ஆறாம் தளம். ஒற்றைக் கதவு. உள்பக்கம் திறக்கிறது. அறைக்குள் போனதும் வெள்ளைத்துரையின் விரல் வெகுநேரம் விசைப்பலகைக்கு மேலே நின்றது. வீட்டு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எழுந்து போய்க் கதவை வெளிப்பக்கமாக அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பந்தத்தைக் கொளுத்தினார்.

கறுப்பு விலகித் தரை தெரிந்தது. மஞ்சள் புள்ளிகளாலான தரை. அதில் இரண்டு உடல்கள் கிடந்தன, நாலடி தள்ளித் தள்ளி. ஒன்றின் மேல் அம்புக்குறியை வைத்தபோது முனியராஜ் என்று எழுத்து வந்தது. இன்னொன்றின் மேல் வைத்தபோது அவர் பெயரே வந்தது. வாள் இல்லை, கவசம் இல்லை, வெறும் பெயர்.

நாலு பேர் கணக்கில் மீதி இடம் ஒன்றுதான். விளையாட்டு காத்திருந்தது. அது எவ்வளவு நேரமும் காத்திருக்கும். மாடியிலிருந்து மாரிசெல்வியின் குரல் வந்தது. சோறு ஆறுகிறது, என்ன செய்றீக என்று கேட்டார்.

“ஒரு லோடு கெடக்கு, ஏத்திக்கிட்டு இருக்கேன்.”

முனியராஜைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வாள்வீரன் வெள்ளைத்துரையை அங்கேயே விட்டுவிட்டு, போர்மேன் படியேறினான். பந்தத்தை அவன் அணைக்கவில்லை.